விருந்தாளி கை கழுவும் வரை

போன வாரம் நாச்சிமுத்து ஐயா தொலைபேசியில் அழைத்தார். மலையடிவாரத்தில் நான் வேலை பார்த்த அரசு ஆஸ்பத்திரிக்கு நலக்குழுத் தலைவராக இருந்தவர், பாக்கு மண்டிக்காரர். வயது அவர் குரலைத் தேய்த்திருக்கிறது. மரியாதையை மட்டும் தொடவில்லை.

“ஏனுங்க அம்மணி, சௌக்கியமுங்களா? போத்தனூர்ல ஒரு கூட்டம் வெச்சிருக்கறமுங்க. கொங்குப் பக்கத்துக்குன்னு தனியா ஒரு மன்றம், இங்கத்த காரியத்த இங்கயே முடிவு பண்ற அதிகாரம், அது வேணும்னு கேக்கற கூட்டம். நீங்க வந்து நாலு வார்த்தை பேசோணும்.”

“நான் என்னத்தப் பேசறதுங்க ஐயா? நர்ஸ் வேலை பார்த்தவ.”

“அதுக்குத்தானுங்க கூப்படறேன். மத்தவங்கெல்லாம் வரி, தொழிலு, தண்ணின்னு பேசுவாங்க. நீங்க பூங்கொடி கதையச் சொல்லுங்க.”

என் வீடு போத்தனூர் ஜங்ஷனுக்குப் பக்கம். ஏதோ ஒரு ரயில் சென்னைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அது கடந்து முடியும்வரை அவரும் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன்.

“அவகிட்டக் கேக்காம எப்படிங்க?” என்றேன்.

“கேளுங்க. கேட்டுப்போட்டுச் சொல்லுங்க.”

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் ஜன்னல், ஜன்னலில் ரயில். ஓய்வு வயதுக்கு முன்பே விருப்ப ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள் நான். கவிதை எழுதுகிறவள் என்று சொந்தக்காரர்களிடம் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு. கூட்டத்தில் பேசுவேனோ மாட்டேனோ, எழுதியாவது பார்த்துவிடுவோம் என்று தொடங்கியதுதான் இது.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் நர்சிங் படித்தேன். விடுதியில் முதல் நாள் ‘ஏனுங்க’ என்று ஒருத்தியைக் கூப்பிட்டதும் அறையே சிரித்தது. “ஏய் சரசு, உங்க ஊர்ல திருடன் வந்தாக்கூட ‘வாங்க, உக்காருங்க, எதைத் திருடறீங்க’ன்னு கேப்பீங்களாமே?” நானும் சேர்ந்து சிரித்தேன். ஊசி போடவும் காயம் கட்டவும் நின்றுகொண்டே தூங்கவும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினேன். நாலைந்து ஆஸ்பத்திரி சுற்றி, மேட்டுப்பாளையம் தாண்டி, மலை எழும்பத் தொடங்கும் அந்த இடத்துக்கு மாற்றலாகி வந்தபோதுதான் வேலை என்பது இன்னதென்று தெரிந்தது.

ஊரின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மழை நாட்களில் மேகம் பிரசவ வார்டின் ஜன்னல்வரை இறங்கி வந்து, யாருக்கு என்ன பிறந்தது என்று கேட்பதுபோல நிற்கும். சுற்றிலும் பாக்குத் தோப்பு, வாழை, அப்பால் யானைக் காடு. பாக்கு உரிக்கும் கொட்டகைப் பெண்கள்தான் எங்களிடம் அதிகம் வருவார்கள். விரல் நுனியெல்லாம் கறை ஏறிக் கறுத்திருக்கும். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிஜன் கருவி அந்தக் கறை நகத்தில் சரியாகக் காட்டாது. “காதுல மாட்டு சரசு. கருவிக்குத்தான் கண்ணு தெரியல, அவளுக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தலைமை மருத்துவர், மெஹருன்னிசா.

டாக்டரம்மா கோயமுத்தூர்ப் பழைய ஊருக்குள், அத்தர்க் கடையும் பூட்டுக் கடையும் நெருக்கியடித்த ஒரு சந்தில் பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் குரல் இறங்கும். இறங்க இறங்க நாங்கள் நடுங்குவோம். சிரிப்பு வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிரசவ அறையில் கத்துகிற பெண்ணை யாராவது அதட்டினால் போதும், “நீங்க செத்த வெளிய இருங்க” என்று அதட்டியவரை அனுப்பிவிட்டு, கத்துகிறவளிடம், “நீ கத்து கண்ணு. ஆஸ்பத்திரிக்கு ஓடு ஸ்ட்ராங்குதான்” என்பார்.

அவருடைய ஒரு வழக்கத்தை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டுப் படுக்க வைத்ததும், மயக்க மருந்து டாக்டர் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் காலிலிருந்து மேலே மேலே வைத்துக்கொண்டு வருவார். “ஜில்லுன்னு இருக்குதுங்களா? இப்ப? இங்க?” எதுவரை மரத்திருக்கிறது என்று அப்படித்தான் பார்ப்பது. எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதான் இது. ஆனால் அவர் போதும் என்று தலையாட்டிய பிறகும் டாக்டரம்மா கத்தியைத் தொட மாட்டார். நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிய திரைக்கு மேலாக எட்டி, படுத்திருப்பவளின் முகத்தைப் பார்த்து, “செரிங்களா கண்ணு? ஆரம்பிக்கட்டுங்களா?” என்று கேட்பார். அவள் பதில் சொல்ல வேண்டும். தலையசைத்தால் போதாது, வாயால் சொல்ல வேண்டும். “ம்... செரிங்க” என்று ஒரு குரல் வந்த பிறகுதான் அவர் கை நீளும், நான் அதில் கத்தியை வைப்பேன்.

பாக்கு உரிக்கிற பெண்ணிடம், அவள் வயிற்றைத் திறப்பதற்கு அவளிடமே உத்தரவு. பதவியில் இருந்த யாரும் எங்கள் பக்கத்து மனிதர்கள் மேல் கை வைக்குமுன் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பூங்கொடிக்கு முதல் பிரசவம் அந்த மேசையில்தான் நடந்தது. இடுப்பெலும்பு குறுகல், குழந்தை இறங்கவில்லை. வயிறு திறந்திருக்கிறது, குழந்தை வெளியே வந்து அழுகிறது, நாங்கள் பஞ்சுத் துணிகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். திரைக்கு அந்தப் பக்கம் இருந்து, “முடிஞ்சுதுங்களா சிஸ்டர்? ஊட்ல கோழி தொறந்து உட ஆளில்லீங்க” என்றாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றவும் முடியாது, கையில் தையல். “கோழி எங்கயும் போகாது. நீ மொதல்ல புள்ளையப் பாரு” என்றார். அந்தப் பெண் குழந்தைக்கு டாக்டரம்மாவின் பெயரையே வைப்பேன் என்று பூங்கொடி பிடிவாதமாக நின்றாள். மாமியார் சம்மதிக்கவில்லை. கடைசியில் பெயரின் வாலை மட்டும் எடுத்து நிஷா என்று வைத்தார்கள்.

போகும்போது டாக்டரம்மா அவளிடம் தெளிவாகச் சொன்னார். “அடுத்த புள்ளைக்கு வலி எடுக்கறவரைக்கும் காத்திருக்கக் கூடாது. முன்னமே வந்துரோணும். உள்ள ஒரு தையல் இருக்குது. வலி அதைப் பிரிச்சுரும்.”

“நீங்க இருக்கறப்ப எனக்கென்னங்க” என்றாள் பூங்கொடி.

அவள் இரண்டாவது முறை உண்டாகியிருந்தபோதுதான் சென்னையிலிருந்து அந்த அதிகாரி வந்தார்.

வரப்போகும் விஷயம் முன்பே எங்களுக்குத் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கும் அறுவைகள் குறைவு, ஆகவே மயக்க மருந்து டாக்டர் பணியிடத்தை வேறு மாவட்டத்துக்கு மாற்றலாமா என்று பார்க்க வருகிறார். தலைநகரத்திலிருந்து பார்த்தால் அதில் பிழை இல்லை. அங்கே அதிகம், இங்கே கொஞ்சம். ஆனால் எங்கள் ஊருக்கும் கோவைக்கும் நடுவில் இருக்கிற சாலையை அந்தக் கணக்கில் எப்படிக் காட்டுவது? காய்கறி லாரிகள், ஊட்டியிலிருந்து இறங்கும் பஸ்கள், பவானிப் பாலம், கடைவீதி. இதெல்லாம் அதில் நடந்து பார்த்தவருக்குத்தான் சாலை. மற்றவருக்கு அது ஒரு கோடு.

நாச்சிமுத்து ஐயாதான் ஊரைத் திரட்டினார். கொட்டகைப் பெண்களே வந்து நேரில் சொன்னால்தான் உறைக்கும் என்று அன்றைக்குத் தன் கொட்டகையில் அவர்களுக்கு விடுப்பும் கொடுத்தார். பூங்கொடி முன்வரிசையில் நின்றாள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு. “நீ பேசுவியா?” என்று கேட்டேன். “பேசாம? இந்தத் தழும்பையே காட்டிப்போடுவேன், கூச்சம் என்னங்க இதுல” என்றாள். மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அதிகாரி நல்ல மனிதர். காலை விமானத்தில் வந்து, கோவையிலிருந்து காரில் குலுங்கி, முகம் வெளுத்துப்போய் இறங்கினார். ஆபரேஷன் தியேட்டரைப் பார்த்தார். விளக்கைப் போட்டு அணைத்துப் பார்த்தார். பிறகு வராந்தாவில் நின்று, கூடியிருந்தவர்களைப் பார்த்து, “யாராவது ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார்.

அதைக் கேட்டுவிட்டார். கேட்கவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

எல்லாரும் நாச்சிமுத்து ஐயாவைப் பார்த்தார்கள். ஐயா இரண்டு கைகளையும் குவித்து, “மொதல்ல சாப்பாடு ஆகட்டுங்க. பேச்செல்லாம் அப்பறம் இருக்குது” என்றார்.

வெளியூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்த ஒறம்பரையிடம், அதாவது விருந்தாளியிடம், குறை எதையும் அவர் பசியோடு இருக்கும்போது சொல்வதில்லை. அவர் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு, “அப்பறம், என்ன விசேஷம்?” என்று அவரே தொடங்க வேண்டும். பங்காளிச் சண்டையானாலும் சம்பந்தம் முறிகிற பேச்சானாலும் அதற்குப் பிறகுதான். பசித்தவரிடம் போய் என் கஷ்டத்தைக் கேள் என்பது அவரை அவமதிப்பது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூச்சுவிடச் சொல்லித் தந்தார்களா என்ன?

டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. “ஐயா, இப்பவே சொல்லிரலாமுங்க. நிக்கறாங்க பாருங்க எல்லாரும்.”

“அட, அவரு எப்பக் கெளம்பி வந்தாரோ. மொகத்தப் பாருங்க டாக்டரம்மா. நாம என்ன காட்டு சனமா?”

நானும் விடவில்லை. கார்க் கதவருகே போய், “சார், இங்க ஒரு பொண்ணு...” என்று தொடங்கிவிட்டேன். ஐயா என் முழங்கைக்குப் பக்கத்தில் கையை, தொடாமல், நீட்டினார். “அம்மணி. சாப்படட்டுங்க.” அவ்வளவு மென்மையாகத் தடுக்கப்பட்டால் மீறுவது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஐயா வீட்டில் சந்தகையும் தேங்காய்ப்பாலும், நாட்டுக்கோழி வறுவலும், கொள்ளு ரசமும், ஒப்புட்டும் காத்திருந்தன. டாக்டரம்மாவும் நானும் உடன் போனோம். கொட்டகைப் பெண்கள் ஆஸ்பத்திரிக் கேட்டருகே நின்றார்கள். சாப்பாட்டுக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. அழைக்கிற வீடும் இல்லை அது, அவர்கள் நுழைகிற வாசலும் இல்லை. அதைப் பற்றி அன்றைக்கு ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அதிகாரி ரசித்துச் சாப்பிட்டார். “இந்த மாதிரி உபசாரம் எங்கயும் பார்த்ததில்லைங்க” என்றார். எங்கள் ‘ங்க’ தன்னையும் தொற்றிவிட்டதைக் கண்டு அவரே சிரித்தார். ஐயாவின் முகம் பூரித்தது. என்ன பேச வேண்டும் என்று அவர் பல நாட்களாக மனப்பாடம் செய்திருந்தார். அது உதட்டருகே வந்து நிற்பதை நான் பார்த்தேன். அதிகாரி கை கழுவ எழுந்தார். ஐயாவே சொம்பில் தண்ணீர் ஊற்றினார். அப்போது போன் வந்தது. அவசரக் கூட்டம், சாயங்கால விமானத்தைப் பிடித்தே ஆக வேண்டும். ஈரக் கையோடே கும்பிட்டார். “எழுதி அனுப்புங்க, கண்டிப்பா பார்க்கறேன்.” கார் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கோவைச் சாலையில் போய்விட்டது.

கேட்டருகே நின்ற பெண்களிடம் நான்தான் போய்ச் சொன்னேன். வெயில் தலைக்கு மேல் நின்றது. ஒருத்தியும் கோபப்படவில்லை. பூங்கொடி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “நல்லாச் சாப்பிட்டாங்களா சிஸ்டர்?”

அதில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எழுதி அனுப்பினோம். பிறகு ஐயாவும் டாக்டரம்மாவும் ரயிலேறிச் சென்னைக்கே போனார்கள். அதிகாரி வெளியூர் போயிருந்தார். கோப்பு மேலே போயிருந்தது. மேலே என்றால் எங்கே என்று சொல்ல ஆள் இல்லை. ஒரு நீண்ட வராந்தாவின் பெஞ்சில் பொழுது முழுக்க உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். “அங்க எல்லாரும் பரபரன்னு நடக்கறாங்க சரசு. யாரும் கெட்டவங்க இல்ல. ஆனா நம்ம பேரக் கேட்டா, ‘எந்த மாவட்டம்?’னு கேக்கறாங்க. அதோட நாம முடிஞ்சு போயிடறோம்” என்றார் டாக்டரம்மா.

மயக்க மருந்து டாக்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். தியேட்டர் விளக்கு இருந்தது, மேசை இருந்தது, டாக்டரம்மாவின் கை இருந்தது. பஞ்சை வைத்து ‘ஜில்லுன்னு இருக்குதுங்களா’ என்று கேட்க ஆள் இல்லை.

பூங்கொடியைக் கோவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போய்ச் சேரச் சொல்லியிருந்தோம். நிஷாவை யாரிடம் விடுவது என்று ஒரு நாள் தள்ளினாள், கொட்டகையில் வேலை நெருக்கடி என்று இன்னொரு நாள். வருகிற திங்கட்கிழமை போகிறேன் என்றாள். வெள்ளிக்கிழமை நடுப்பகலில், நடந்தே எங்கள் படியேறினாள். வலி எடுத்திருந்தது.

“கோயமுத்தூர்க்குன்னுதான் கெளம்புனேனுங்க. வழியில உங்க போர்டு பாத்தனா, காலு இங்கயே திரும்பீருச்சு.”

டாக்டரம்மா அவள் வயிற்றில் கை வைத்தார். பழைய தழும்புக்கு மேலே விரலால் மெல்ல அழுத்தினார். பூங்கொடி முகம் சுருங்கியது. வலி விடுகிற இடைவெளியிலும் அந்த இடம் நொந்தது. அவள் நாடி வேகமாக ஓடியது. குழந்தையின் துடிப்பு இன்னும் நன்றாக இருந்தது. குதிரை ஓடுகிற மாதிரி என்போமே, அப்படி. வெளியிலிருந்து மயக்க மருந்து டாக்டரை அழைத்துக்கொள்ள வழி இருந்தது; அழைத்தோம். அவர் வேறொரு மேசையில், வேறொருத்தியின் தலைமாட்டில் இருந்தார். போகும் வழியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் கேட்டோம். அங்கேயும் தியேட்டரில் ஒருத்தி. நேராகக் கோவைக்கே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. டாக்டரம்மா போனை வைத்துவிட்டு ஒரு கணம் தியேட்டர்க் கதவைப் பார்த்தார். பூட்டக்கூட இல்லை அது. சும்மா சாத்தியிருந்தது.

“சரசு, நீ கூடப் போ. துடிப்பக் கேட்டுட்டே போ. நான் அங்க பேசி மேசையைத் தயாரா வெக்கச் சொல்றேன்.”

ஆம்புலன்ஸில் நான் அவள் இடப்பக்கம். கை நரம்பில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பாலத்தில் லாரிகள். கடைவீதியில் யாரோ கல்யாணத்துக்கு அலங்கரித்த காரை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். சைரன் போட்டு என்ன, ஒதுங்க இடம் வேண்டாமா? பூங்கொடி என் கையை விடவேயில்லை. ஒவ்வொரு வலிக்கும் அவள் நகம் பதிந்தது.

காரமடையைத் தாண்டும்போது பிடி தளர்ந்தது.

“சிஸ்டர்...” முகம் மலர்ந்திருந்தது. “வலி நின்னுருச்சுங்க.”

பழைய தையல் இருக்கிறவளுக்கு வலி அப்படித் திடீரென்று நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், உள்ளே தையல் பிரிந்துவிட்டது. எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. எத்தனையோ நேரத்துக்குப் பிறகு வந்த நிம்மதி அவள் கண்ணில் இருந்தது. துடிப்புக் கருவியை வயிற்றில் வைத்தேன். இடம் மாற்றி வைத்தேன். குதிரை எங்கேயோ தூரத்தில் நடந்துகொண்டிருந்தது. பிறகு நின்று நின்று நடந்தது. பிறகு சாலையின் சத்தம் மட்டும் கேட்டது.

“கேக்குதுங்களா?” என்றாள்.

“வண்டிச் சத்தம் கண்ணு. செத்தப் பொறு.”

கோவையில் மேசை தயாராக இருந்தது. அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். பூங்கொடி பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது. குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். வெளியே கொண்டுபோய் அவள் புருஷனிடம் கொடுத்தது நான். அவன் திறந்து பார்க்கவில்லை. அவள் பல நாள் நினைவு தப்பித் தப்பிக் கிடந்தாள். தெளிந்தபோது, அதைப் பற்றி இனி ஒருவரும் அவளிடம் பேசக் கூடாது, பேசினால் உயிரை விட்டுவிடுவாள் என்று மாமியார் எல்லாரிடமும் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். எங்களிடமும்.

சில மாதம் கழித்து மயக்க மருந்து டாக்டர் பணியிடம் திரும்பவும் எங்களுக்கே வந்தது. போனது போலவே சத்தமில்லாமல் வந்தது. முதல் சிசேரியனில் டாக்டரம்மா திரைக்கு மேல் எட்டி, “ஆரம்பிக்கட்டுங்களா?” என்று கேட்டார். அந்தப் பெண் “செரிங்க” என்றாள். கை நீளவில்லை. அவர் அப்படியே நின்றார். நான் கத்தியை நீட்டிக்கொண்டு நின்றேன்.

நாச்சிமுத்து ஐயா அந்த வருஷமே மாறிப்போனார். ஆஸ்பத்திரிக்கு வந்து, டாக்டரம்மா எதிரில் குழந்தைபோல அழுதார். “ஒரு வாய் சோத்துக்கு மின்னாடி சொல்லியிருக்கோணும். என்ன மரியாதைங்க இது, மண்ணாங்கட்டி மரியாதை.” பிறகுதான் மண்டல மன்றம், மண்டல அதிகாரம் என்று ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். “நம்ம மண்ணு, நம்ம சனம், நம்ம முடிவு” என்று ஒரு தடவை டாக்டரம்மாவிடம் உணர்ச்சியாகப் பேசினார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த ‘நம்ம’வுல என்னையும் சேத்துக்குவீங்களாங்க ஐயா? அன்னிக்குக் கேட்டுக்கு வெளிய நின்னவங்களையும்?” ஐயா உடனே பதில் சொல்லவில்லை. அதை நான் அவர் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். யோசிக்காமல் ‘ஆமாங்க’ என்று சொல்லியிருந்தால் நான் இந்தக் கூட்டத்துக்குப் போவதைப் பற்றி நினைத்தே பார்த்திருக்க மாட்டேன்.

கொங்கு என்ற பெயருக்காகக் கொடி பிடிக்க எனக்கு வராது. எங்கள் தமிழைக் கேட்டு யாராவது சிரித்தால் இன்றைக்கும் சேர்ந்து சிரித்துவிடுவேன். ஆனால் அந்த மதியத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். அதிகாரி கெட்டவர் இல்லை. ஐயா கெட்டவர் இல்லை. ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். அந்த அதிகாரியின் மேசை கோவையில் இருந்திருந்தால் அந்தச் சாப்பாட்டால் ஒரு கேடும் வந்திருக்காது. மறுநாள் காலையில் பஸ் ஏறிப் போய், “நேத்து சொல்ல உட்டுப்போச்சுங்க” என்று நின்றிருப்போம். அவரும் “அடடே, ஒப்புட்டு வீட்டுக்காரங்களா, வாங்க” என்றிருப்பார். மனிதர்கள் தவறு செய்துகொண்டுதான் இருப்பார்கள். திருத்திக்கொள்ள மறுநாள் இருக்க வேண்டும். எங்களுக்கு மறுநாள் இல்லாமல் போனது தூரத்தால். நான் கேட்கிற மண்டல அரசு அந்த மறுநாள்தான். வேறெதுவும் இல்லை.

ஆனால் கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் அங்கேயும் வெளியே நிற்பார்கள் என்றால், சென்னை வராந்தாவைக் கோவைக்குப் பெயர்த்து வைத்த கதையாகத்தான் அது முடியும். இதையும் ஐயாவின் மேடையில் சொல்ல வேண்டும். சொன்னால் கைதட்டுவார்களா என்று தெரியவில்லை.

நேற்று பூங்கொடியைப் பார்க்கப் போனேன்.

கொட்டகையில்தான் இருந்தாள். முன்தலையில் நரை. என்னைக் கண்டதும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். “வாங்க சிஸ்டர், வாங்க. ஏனுங்க இப்படி எளைச்சுப்போட்டீங்க? கவிதை எழுதறவங்களுக்குச் சோறு போட மாட்டாங்களா?” பக்கத்திலேயே அவள் வீடு. உட்காரவைத்து, காப்பி போட உள்ளே போனாள். நான் பின்னாலேயே பேச வாயெடுத்தேன். “இருங்க, குடிச்சுப்போட்டுப் பேசலாம்” என்றாள். குடித்தேன்.

பிறகு சொன்னேன். கூட்டம் நடக்கப் போகிறது, உன் கதையைச் சொல்லச் சொல்கிறார்கள், பெயரைச் சொல்லாமல் சொல்லலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “அவங்க கேக்கற ஆபீஸ் கோயமுத்தூர்ல வருமுங்களா?”

“வரணும்னுதான் கேக்கறாங்க.”

“நான் போனா உள்ள உடுவாங்களா?”

“உடணும். அதையும் சேத்துத்தான் நான் பேசப்போறேன்.”

“நிஷா காலேஜ் உட்டு வரங்காட்டி ஊடு திரும்பிரலாமுங்களா?”

“திரும்பிரலாம் பூங்கொடி.”

“அப்பச் சொல்லுங்க. பேரு சொல்லியே சொல்லுங்க. நான் என்ன திருடினேனா?”

எழப்போனேன். அவள் காலி டம்ளரை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள். கறுத்த விரல்கள். காதில் மாட்டு, காதில் மாட்டு என்று டாக்டரம்மாவின் குரல் எங்கிருந்தோ கேட்டது.

“சிஸ்டர்.”

“சொல்லு கண்ணு.”

“நீங்க வந்ததும் கேக்கோணும்னு எப்பவும் நெனைப்பேன். ஒவ்வொரு தடவையும் நீங்க பஸ் அலுப்போட வருவீங்க. செத்த இருக்கட்டும்னு உட்டுருவேன். பொறவு நீங்க போயிருவீங்க.” டம்ளரைக் கீழே வைத்தாள். “ஊட்ல யாரும் சொல்லலீங்க. நானும் கேக்கலீங்க. அது பையனுங்களா, பொண்ணுங்களா?”

அவள் மாமியார் போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. கைகூப்பிக் கேட்டுக்கொண்ட சத்தியம் யாரிடம் இருக்கிறது இனி? வெளியே கொட்டகையில் பாக்கு கொட்டுகிற சத்தம் கேட்டது. துணியில் சுற்றிய அந்தச் சூடு என் முழங்கை வளைவில் இன்னும் இருந்தது.

“பொண்ணு” என்றேன். “நிஷா மாதிரியே நெத்தி. முடி நெறைய இருந்துச்சு.”

“முடி நெறைய” என்று திருப்பிச் சொன்னாள். பிறகு எழுந்து, என் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஒரு டம்ளரை அவள் கழுவிக்கொண்டே இருந்தாள்.